எதில் மாட்டுவது

மக்கடிக்காடி உப்புவெளி
மேலே அப்பளம், அடியில் கூழ்.
அந்தக் கூழில் வயிறு பதித்துக் கிடந்தது
கால்நடைத் துறையின் லேண்ட் குரூசர்,
தடுப்பூசிப் பெட்டியோடும் இரண்டு ஆண்களோடும்.

நாட்டாவிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.
டயர் காற்றைப் பாதிக்கு இறக்கி
பழைய தடத்தை விட்டு விலகாமல் வந்து சேர்ந்தேன்.
"மெக்கானிக் எங்கே?" என்றார் கலெபோவே.
"இப்போதுதான் வண்டியிலிருந்து இறங்கினாள்" என்றேன்.

பட்டையை அவர் ஏற்கெனவே மாட்டிவைத்திருந்தார்,
பின்னால், டிரெய்லர் குண்டில்.
எனக்குக் கோபம் வரவில்லை.
பளபளவென்று, கைக்கு அடக்கமாக,
மாட்டேன் மாட்டேன் என்று கூப்பிடுகிற உருண்டை அது.
படகை இழுக்கும், ஆட்டுக் கூண்டை இழுக்கும்,
உருள்கிற பாரத்துக்கென்றே வார்த்தது.
புதைந்த பாரம் வேறு சாதி.
தன் எடையோடு
தரையின் பிடிவாதத்தையும் சேர்த்துத் தராசில் வைக்கும்.

என் பட்டறை மேசையில் இப்படியொரு குண்டு
பில் தாள்கள் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.
மாவுனுக்கு அந்தப்புறம், ஒரு மழைக்கால மாலை,
கழுத்தில் முறிந்து, பட்டையோடு பறந்து,
முன்கண்ணாடியில் நுழைந்து
இருக்கையின் தலைத் திண்டைக் கிழித்துக்கொண்டு போனது.
ஓட்டுநர் அந்த நொடியில் குனிந்து
பெடலுக்கடியில் போன செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தான்.
செருப்பு பிய்ந்தே போய்விட்டது,
இன்னும் தூக்கியெறியவில்லை.

"இது முறிந்தால்," என்றேன் கலெபோவேயிடம்,
"வந்து விழும் இடத்தில் உட்கார்ந்திருப்பது நான்."
அவர் பட்டையைக் கழற்றினார்.

மல்லாந்து படுத்தேன்.
முதுகுச் சட்டைக்குள் உப்புச்சேறு ஊற, டார்ச் வெளிச்சத்தில்
வண்டியின் அடிவயிற்றை வாசித்தேன்.
இதோ ஒரு வளையம், என்றான் மோத்துசி.
கப்பல் தட்டில் வண்டி நகராதிருக்கக் கட்டும் வளையம், தம்பி,
கடலுக்குப் போதும், இதற்குப் போதாது.
இந்த ஆக்ஸில்?
அதன்மேல்தான் பிரேக் குழாய் போகிறது, பார்.
பம்பர்?
சிரித்துவிட்டேன்.

சேஸிஸின் இரு கைகளிலும் ஆளுக்கொரு கொக்கி
யாரோ முன்பு பொருத்தியிருந்தார்கள், புண்ணியவான்.
இடப்பக்கத்துப் போல்ட் தலைகளில் எண் இருந்தது.
வலப்பக்கத்தில் எண் இல்லை,
பெயின்ட் மட்டும், இரண்டு கோட்டிங்.
எண் இல்லாத போல்ட்
பெயர் சொல்லாமல் கதவைத் தட்டுகிறவன்.
அவற்றை உருவிவிட்டு
என் டப்பாவிலிருந்து பத்துப் புள்ளி ஒன்பது இரண்டை முறுக்கினேன்,
ஸ்பானர் கையை அறுக்கும்வரை.

பிறகு தோண்டினோம்.
இது யாருக்கும் பிடிக்காத பகுதி.
இரண்டு மணி நேரம், சக்கரத்துக்கு ஒரு சரிவு.
மண்வெட்டி எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு கிலோவையும்
கொக்கி சுமக்க வேண்டியதில்லை.
வெயில் உப்பில் பட்டு
கீழிருந்தும் அடித்தது.

இரண்டு கொக்கிக்கும் ஒரு கவட்டுப் பட்டை,
கவட்டின் நடுவில் இழுபட்டை,
இழுபட்டையின் முதுகில் நனைத்த கம்பளி.
மோத்துசி அருகிலேயே போனைத் தூக்கிப் பிடித்து நின்றான்.
போ, என்றேன். இன்னும். இன்னும் போ.
"அங்கிருந்து ஒன்றும் தெரியாதே அக்கா!"
போ.

முதல் கியர். துள்ளவில்லை, வெட்டி இழுக்கவில்லை.
பட்டை நீண்டது, மூச்சைப் பிடித்தது,
காலைச் சேற்றிலிருந்து உருவும் சத்தத்தோடு
வண்டி பின்னால் வந்தது.
கலெபோவே பெட்டியைத் திறந்து ஐஸைத் தொட்டுப் பார்த்தார்.

மோத்துசி ஓடி வந்து வீடியோவைக் காட்டினான்.
முழுக்க வெள்ளை. நடுவே இரண்டு எறும்பு.
ஒன்று லேசாக அசைகிறது, அதன் பின்னால் மற்றது.
"இதில் ஒன்றுமே இல்லை" என்றான்.

அழித்துவிடாதே, என்றேன்.