என்ன நம்பர்?

பகலெல்லாம் நூலை நான் தொடுவதில்லை.
எழுதுகிறேன்.
அறுபதாம் நம்பர், நாலு மூட்டை, தணிகாசலம், கடன்.
நாற்பது, இரண்டு மூட்டை, ரெட்டெப்பா, பாதி ரொக்கம்.
ஏகாம்பரகுப்பம் நூல் டிப்போவில்
கூட்டல் எனக்குத் தெலுங்கில் வரும்,
கழித்தல் தமிழில்.
பள்ளிக்கூடம் நடுவில் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

ஆறு மணிக்கு மேல்
ஒரு கேரம் ஸ்ட்ரைக்கர்.
நடுவில் ஓட்டை போட்டு
உடைந்த குடையின் கம்பி சொருகி
நுனியைக் கொக்கியாய் வளைத்தது.
அதுதான் என் மில்.

எங்கள் தெருவில் நூற்றுப் பத்து தறி.
ஒரே நிமிடத்தில் அவை தின்கிற நூலை
நான் நூற்று முடிக்க
ஒன்றரை வருஷத்துச் சாயங்காலங்கள் ஆகும்.
இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்,
கணக்கு சரிதான்.
பஞ்சை எடுத்துக்கொண்டு
மாடிப்படியில் ஏறினேன்.

நாலாவது படியில் நின்றால்
கதிர் தரையைத் தொட நேரமாகும்.

எருக்கங்காய் வெடித்துப் பறந்ததை
ரயில்வே கேட் ஓரம் பொறுக்கி வந்ததுண்டு.
தும்மல்தான் மிச்சம்.
இலவம்பஞ்சு இன்னும் மோசம்.
கிளியை ஏமாற்றியது போதாதென்று
விரலையும் ஏமாற்றும்;
வழவழவென்று, ஒன்றையொன்று பிடிக்காமல்,
ஒரே சமையலறையில் பேசாத ஓரகத்திகள் மாதிரி.
பருத்தி அப்படியில்லை.
சுருள் உள்ள இழை
இன்னொரு சுருளைத் தேடிப் பிடிக்கும்.
அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிகிற இடம்
ஒரு மிளகளவுகூட இருக்காது.
ஏழரை மணிவரை
நான் அங்கேதான் இருக்கிறேன்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை
கரண்ட் போனது.
நூற்றுப் பத்தும் ஒரே மூச்சில் நின்றால்
அதற்கு அமைதி என்று பெயரில்லை.
காதைப் பொத்தியிருந்த கையை
யாரோ வெடுக்கென்று எடுத்த மாதிரி.
மூக்குமலைப் பக்கம் ஒரு நாய்.
எதிர்வீட்டில் யாரோ பருப்பு தாளிக்கும் சத்தம்.
தெருவெல்லாம் லுங்கிகள்.

செல்போன் வெளிச்சத்தோடு தணிகாசலம் வந்தார்,
பாக்கிக்குத் தவணை கேட்க.
படிக்கட்டின் அந்தரத்தில்
ஸ்ட்ரைக்கர் சுற்றுவதைப் பார்த்து
கேட்க வந்ததை விட்டுவிட்டார்.
நூலை நகத்தின்மேல் வைத்து
வெளிச்சத்தில் சாய்த்து
"என்ன நம்பர்மா இது?"

"இந்த முழம் பத்து. அடுத்த முழம் முப்பது.
அதற்கப்புறம் கயிறு."

"யாருக்கு?"
"யாருக்குமில்லை."
"அப்புறம் எதுக்கு?"
"சும்மா."

விலை கேட்காமல்
அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.
பிறகு கையை நீட்டினார்.

அறுந்தது.
ஸ்ட்ரைக்கர் உருண்டு சாக்கடைப் பக்கம் போனது,
டார்ச் அடித்துத் தேடினோம்.
அறுந்தது.
"இழுக்காதீங்க, முறுக்கு ஏறட்டும்" என்றேன்.
ஏறியது. ஏறிக்கொண்டேயிருந்தது.
நூல் நத்தையாய்ச் சுருண்டுகொண்டது.
தெலுங்கில் ஒரு கெட்ட வார்த்தை.
இருபத்துநாலு தறிக்கு முதலாளி
ஒரு சாண் நூலுக்கு வேர்த்து நின்றார்.

ஒன்பதாவது தடவை அறவில்லை.
ஒரு முழம்.
மேடும் பள்ளமுமாய்,
கம்பளிப்பூச்சி விழுங்கிய பாம்பு போல.

கரண்ட் வந்தது. தெரு இரைய ஆரம்பித்தது.
"பாக்கி அடுத்த வாரம்" என்று
இரைச்சலுக்கு மேலே கத்திவிட்டு
அந்த முழத்தை மட்டும் பிய்த்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனார்.

வாரம் வந்தது, பாக்கி வரவில்லை.
டிப்போவுக்கு ஒரு பாலிதீன் பை வந்தது.
மில்லில் கழித்த பஞ்சு, அரைக்கிலோ இருக்கும்.
"பில்லு?" என்றேன்.
"பில்லெல்லாம் தரலக்கா.
குடைக்கம்பி ஒண்ணு இருக்கான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

லெட்ஜரைத் திறந்தேன்.
சரக்கு வரவா, கடனில் கழிவா?
தெலுங்கிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.
பேனாவை மூடிவிட்டு
பரணில் அந்தப் பச்சைக் குடை
இன்னும் கிடக்கிறதா என்று யோசித்தேன்.