ஐந்து ரூபாய் அளவு ஓட்டை

திரியோலே போலீஸ் நிலையத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு
மருதை வாசலிலேயே ஒரு விரல் காட்டினான்.
கம்பத்தில் ஒரு சிவப்புக் கொடி.
யாரோ ஒருவன், எந்தக் காலத்திலோ,
எங்களை நினைக்காமலேயே
எங்களுக்காகச் செய்து வைத்த ஏற்பாடு.

வானொலி பேசும். ஜீப் கத்திக்கொண்டே போகும்.
எங்களுக்கு மக்ஸிம் இருக்கிறார்.
மதில்மேல் கை நீட்டுவார்:
மறுநாள் காலை இரண்டு விரல், மாலைக்குள் மூன்று.
அந்த நாட்களில்
ஃபோன் து சாக் முழுக்க எங்கள் மொழிதான்.
ரொட்டி தீர்ந்ததைக் கடைக்காரன்கூடக் கையால் சொன்னான்.

புயலுக்கு அவர்கள் ஒரு பெண்பெயர் வைத்திருந்தார்கள்.
நாங்கள் வேறு வைத்தோம்:
சுண்டுவிரலால் கன்னத்தில் ஒரு சுழி.

சார்டின், மெழுகுவர்த்தி,
பேட்டரி பதினாறு.
வரிசையில் முன்னால் நின்றவள் கூடையைப் பார்த்தாள்.
இருட்டுக்கு இவ்வளவு பயமா என்றது உதடு.
பயம்தான்.
கரண்ட் போனால் உனக்கு விளக்குப் போகும்,
எனக்கு வாய் போகும்.

படிவத்தோடு வந்த பையனிடம்
"சிறப்புத் தேவை" என்ற கட்டத்தில் எழுதிக் கொடுத்தேன்:
பேட்டரி. தூங்காத பக்கத்துவீட்டுக்காரர்.
அவன் அதை அடித்துவிட்டு
"செவித்திறன் குறைவு, இருவர்" என்று திருத்தினான்.

ஏற்பாடு இதுதான்.
வடிகால் நிரம்பினால் மக்ஸிம்
படுக்கையறை ஜன்னலில் டார்ச் அடிப்பார்.
ஒரு தடவை: விழித்திரு.
மூன்று தடவை: கிளம்பு.

மூன்றாம் கொடி ஏறிய மாலையில்
ஒட்டுப்பலகையை அளந்து, வெட்டி,
அதே ஜன்னலில் வைத்து,
கடைசி ஆணியையும் அடித்து முடித்த பிறகுதான்
மருதை சுத்தியலோடு அப்படியே நின்றான்.
வீட்டின் காதை அடைத்துவிட்டிருந்தோம்.

துளைபோடும் கருவியை எடுத்தான்.
மழை வரும், காற்று பலகையைப் பிய்க்கும் என்று
மதிலுக்கு அப்பாலிருந்து கை கையாய் ஆட்டினார் மக்ஸிம்.
வரட்டும்.
ஐந்து ரூபாய் நாணயம் அளவு.
தலையணையை அதன் நேர்க்கோட்டுக்கு நகர்த்தினேன்.

நான்காம் கொடி.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிற்று.
அலமாரியில் டார்ச்சைச் சாய்த்து
அதன் வட்டத்துக்குள் கொஞ்சம் பேசினோம்:
கூரைத் தகரம், மீன்காரனுக்கு வைத்த பாக்கி.
பிறகு, சேமிக்க வேண்டுமே, அணைத்தோம்.
அவன் என் உள்ளங்கையில் எழுதினான்.
மோசமான கையெழுத்து.
"தண்ணீர்" என்றானா "தூங்கு" என்றானா,
இன்றைக்கும் தகராறு.

சுவரைத் தொட்டேன்.
கிளம்பாமல் நிற்கும் கரும்பு லாரியின்
முகப்பைத் தொட்டது போலிருந்தது.
ஓட்டை வழியே மழை என் கழுத்தில் விழுந்தது, ஊசி ஊசியாக.
அப்படியே தூங்கிப்போனேன்.

இமைமேல் வெள்ளை.
போயிற்று. மறுபடி.
மூன்றாவதை எண்ணும்போதே
மருதையின் விலாவில் என் முழங்கை.

கதவைத் திறந்தால் முழங்கால் வரை சேறு.
மக்ஸிமின் வாய் அசைந்துகொண்டே இருந்தது.
பிறகு நினைவு வந்து
டார்ச்சைத் தன் கைமேல் திருப்பினார்:
பள்ளிக்கூடம். வா.

பள்ளிக்கூடத்தில் அதிகாரி எதையோ அறிவித்தார்.
ஒவ்வொரு டார்ச்சாக அணைந்தது.
நான் அணைக்கவில்லை.
பக்கத்தில் வந்து முகத்தைச் சுளித்தார்.
பேச்சை நிறுத்தச் சொல்கிறாய் ஐயா என்று
அவருக்குப் புரியவைக்கவும்
வெளிச்சம் வேண்டும்.
மக்ஸிம் எழுந்து குறுக்கே நின்றார்.
என்ன சொன்னாரோ, எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.
அதிகாரி தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

நீலக் கொடி ஏறிய காலை
வேலியைத் தூக்கி நிறுத்தும்போது
மக்ஸிம் இரண்டு காதையும் பொத்திக் காட்டினார்:
அந்தச் சத்தம்! இரண்டு இரவு, ஒரு பொட்டுத் தூக்கமில்லை.
கண்கள் தக்காளியாய்ச் சிவந்திருந்தன.
நானும் பாவமாய் முகத்தை வைத்துக்கொண்டேன.
இரண்டு மணி வரைக்கும்
நன்றாகவே தூங்கினேன் என்பதை
இன்னும் அவரிடம் சொல்லவில்லை.