நாலடி எட்டங்குலம்

ரவுண்டானா அருகே கண்ணாடிக் கடை.
உள்ளே குளிர்காற்று. வரிசையாய் சைக்கிள்கள்,
ஒவ்வொன்றின் கழுத்திலும் விலைச்சீட்டு.
"யாருக்கு சார், பையனுக்கா?"
"எனக்கு."
விற்கிற பையன் என்னை மேலிருந்து கீழே பார்த்தான்.
அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.
கடைக்கோடிக்கு நடத்திக்கொண்டு போய் நிறுத்தினான்:
பச்சை நிறம், பக்கவாட்டில் கரடி ஸ்டிக்கர்,
ஹேண்டில் நுனியில் குஞ்சம்.
நாற்பத்தொரு வயது எனக்கு.
மாங்கூழ் ஆலையில் எடைச்சீட்டு எழுதுகிறேன்.
என் கையெழுத்து இல்லாமல் ஒரு லாரியும் கேட்டைத் தாண்டாது.

பெரிய சைக்கிளில் ஏறினால்
கட்டைவிரல் பெடலைத் தேடும்.
இடுப்பு தராசுத் தட்டாய் ஏறி இறங்கும்.

லண்டன்பேட்டையில் சமீவுல்லாவின் இரும்புக் குவியல்.
அடியில் ஒரு லேடீஸ் ஃபிரேம், கிலோக் கணக்கில்.
"முள் நிற்கட்டும் பாய்," என்றேன், தொழில்புத்தி.
நின்றது. நாலே முக்கால்.

வெல்டிங் பட்டறைத் திம்மராயன்
சீட்டுக் குழாயில் மூன்று அங்குலம் அறுத்தார்.
அறுந்த துண்டு உருண்டு என் காலருகே வந்தது.
ஆலை மேசையில் இப்போது
இரண்டு பேனா நிற்கிறது அதில்.

குட்டைக் கிராங்க், கரடி வகையறாவில் கழற்றியது.
சக்கரம் இரண்டும் காவேரிப்பட்டணத்திலிருந்து.
டவுன்பஸ் கண்டக்டர் லக்கேஜ் போட்டார்,
உருளுவதற்கென்றே செய்த பொருளுக்கு டிக்கெட்.
பிரேக் இரண்டையும் இடக்கைக்கு மாற்றினேன்.
வலக்கையில் இரண்டு விரல் மடங்காது;
அது கன்வேயர் கதை, இங்கே வேண்டாம்.

கோட்டம் எடுக்க மூன்று ஞாயிறு.
ஸ்போக்ஸ் சாவி இந்தப் பக்கம் கால் திருகு,
அந்தப் பக்கம் அரைக்கால்.
ஒரே ஓர் இடத்தில் ரிம் கட்டையை உரசி
ஸ்ஸ் என்கும்.
எவ்வளவு திருகியும் ஒரு மயிரிழை மிச்சம்.
இருக்கட்டும் என்று விட்டேன்.

மாதேஸ்வரி நோட்டைப் பிடுங்கிக் கூட்டினாள்.
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
டீயும் பஸ்ஸும் சேர்க்காமல்.
"இதுக்குப் புதுசே எடுத்திருக்கலாம்."
எடுத்திருக்கலாம்.
ஒரு கையெழுத்து, ஒரு வருட வாரண்டி,
அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஓட்டி வந்திருக்கலாம்,
கட்டைவிரலால்.

ஆனி மாதம். காய் வரத்து உச்சம்.
நைட் ஷிப்ட் முடிந்து வந்தால்
சைக்கிள் இல்லை.
உடைந்த பூட்டு மட்டும் கிடந்தது.
வாட்ச்மேன் தீர்த்தகிரி தலையைச் சொறிந்தார்.
ஸ்டேஷனில் என்ன கம்பெனி என்று கேட்பார்கள்.
என்ன சொல்வது,
லண்டன்பேட்டை என்றா?

அணைப்பக்க இறக்கத்தில் நடந்தேன்.
இருநூறு அடி இருக்காது.
புளியமரத்தில் சாய்ந்து நின்றது, செயின் தொங்க.
சீட்டுக்கடியில் ஸ்பேனர் வழுக்கிய கீறல்கள்.
உயர்த்தப் பார்த்திருக்கிறான்.
உயர்த்த அங்கே கம்பியே கிடையாது.
முழங்கால் தாடையில் இடித்திருக்கும்.
வலக்கை பிரேக்கைத் தேடியிருக்கும்,
இருட்டில், இறக்கத்தில், காற்றைப் பிடித்துப் பிடித்து.
மண்ணில் ஓர் ஆள் விழுந்து எழுந்த தடம்.
ஒற்றைச் செருப்பு. ஒன்பதாம் நம்பர்.

கீறலில் என் கறுப்பு உரிந்திருந்தது.
கீழே சிவப்பு, எனக்குத் தெரியும்,
அதன்மேல்தான் அடித்தேன்.
சிவப்புக்கும் கீழே
இலவச சைக்கிள் நீலம்.
யாரோ ஒரு பெண் இதில் ஏறி
முதல் மணிக்கு விரைந்திருக்கிறாள்.
எட்டியதா அவளுக்கு?

செயினைப் பல்லில் மாட்டினேன். உட்கார்ந்தேன்.
இரண்டு பாதமும் முழுசாய்த் தரையில்.

செருப்பைக் கேரியரில் சொருகிக்கொண்டேன்,
கேட்டு வந்தால் கொடுத்துவிடலாம்.
போட்டுப் பார்த்துவிட்டேன்.
எனக்கு அது பெரிசு.