வரிசை

வாடன் கடலில் ஓதம் வடிந்துவிட்டது.
ஜூன் மாதம், அதிகாலை நாலரை.
கையுறையோடுதான் தொலைநோக்கியைத் திருகுகிறேன்.
சாம்பல் சேறு, அதன்மேல் சாம்பல் வானம்,
நடுவே அலகு மட்டும் சிவந்து
ஒரு சிப்பிபிடிப்பான்.

இடக்காலில் மஞ்சள் வளையம், வலக்காலில் வெள்ளையும் கறுப்பும்.
நோட்டில் அவன் பெயர் ம-வெ-க.
மூன்று எழுத்துக்கு மேல் ஒரு பறவையை
நேசிக்கக் கூடாது என்கிறான் ஹிட்டெ.
நேசித்தால் எண்ணிக்கை பிசகுமாம்.

ம-வெ-கவின் வீடு உப்புச் சதுப்பின் விளிம்பில்.
குஞ்சுகள் நாலடி நடந்தால் சாப்பாட்டு மேசை.
குத்தி, புழுவை இழுத்து, குஞ்சின் வாயில் வைக்க
நான் பன்னிரண்டு எண்ணினால் போதும்.

இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி,
புல்லில் குழி பறித்து முட்டையிட்டவள் ப-ப-நீ.
அவளுக்கும் இதே சேறு, இதே புழு.
ஆனால் ஒரு நடைக்கு ஒரு புழு,
முன்வீட்டுக்காரர்களின் தலைக்கு மேலே பறந்து,
அவர்கள் துரத்தத் துரத்த.
நேற்று நாற்பத்தொரு நடை.
இன்று மூன்று குஞ்சில் ஒன்றைக் காணோம்.
செலவும் வரவும் பாடநூலில் இரண்டு கோடுகள்.
இங்கே ஒரு கோடு
வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது.
மணல்திட்டில் சும்மா நிற்பவை.
முட்டையிடும் வயது வந்தும் கூடில்லாதவை.
உள்ளே இடம் காலியாகத்தான் கிடக்கிறது, போகவில்லை.
விளிம்பில் யாராவது சாகட்டும் என்று நிற்கின்றன.
இன்றே பின்கட்டில் குடியேறி
வருஷத்துக்கு அரைக் குஞ்சு வளர்ப்பதா,
ஆறேழு வருஷம் நின்று
பிறகு முன்வாசலில் வாழ்வதா?
ஆயுள் முழுக்கக் கூட்டிப் பார்த்தால்
இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை.

தேர்வில் கேட்டால் இப்படி எழுது:
பறவைக்குக் கணக்குத் தெரியாது.
தப்புக் கணக்கில் வாழ்ந்தவற்றின் பேரக்குஞ்சுகள்
இந்தத் திட்டில் நிற்கவில்லை,
அவ்வளவுதான்.

எனக்கு இது பழகிய கணக்கு.
தீவில் வீடு கேட்டு எழுதிய பட்டியலில்
நான் நூற்றுப் பதினேழு.
ஒன்பது வருஷம் ஆகலாம் என்றார்
ஊராட்சி அலுவலகத்து டெர்ப்ஸ்ட்ரா,
பென்சிலைச் சீவிக்கொண்டே.
அதுவரை படகுத்துறைக்குப் பின்னால் கேரவான்.
படுத்தபடியே அடுப்பைத் தொடலாம்.
அக்கரையில் அறை உடனே கிடைக்கும்,
தினம் படகேறி வந்து போகலாம்.
ஒரு நடைக்கு ஒரு புழு.

பத்தொன்பதாம் தேதி
வடமேற்குக் காற்றும் பௌர்ணமி ஓதமும் சேர்ந்து வந்தன.
கேரவான் இரவெல்லாம் ஆடியது.
விடிந்தபோது சதுப்பின் விளிம்பே இல்லை,
கடல் லாவெண்டரின் நுனிகள் மட்டும்
தண்ணீருக்கு வெளியே.
ம-வெ-க ஒரு புல்மேட்டில் நின்றான்.
அலகில் புழு.
வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.
அதை அவன் வெகுநேரம் விழுங்கவில்லை.
ப-ப-நீயின் இரண்டு குஞ்சும்
உள்புல்லில் உலர்ந்து கிடந்தன.

ஒரு வருஷத்தை வைத்து எதுவும் சொல்லாதே என்றான் ஹிட்டெ.
சொல்லவில்லை.
ஆனால் நல்ல இடம் எது என்று
இவற்றின் முன்னோருக்குச் சொல்லித்தந்த கடல்
இந்தக் கடல்தானா?
விடை மாறிய பிறகும் எத்தனை தலைமுறை
பழைய விடைக்காக வரிசையில் நிற்கும்?

கைப்பேசி நடுங்கியது.
ஊராட்சியிலிருந்து செய்தி:
உங்கள் புதிய எண் நூற்றுப் பதினாறு.
போனவர் ஊரைவிட்டா, உலகைவிட்டா,
நான் கேட்கவில்லை.
மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

நோட்டில் கடைசி வரி:
ஆறு பத்து. ஓதம் இன்னும் முழுசாக வடியவில்லை.
திட்டிலிருந்து வளையமில்லாத ஒன்று
நனைந்த விளிம்பை நோக்கி நடந்து வருகிறது.
ம-வெ-க புழுவைக் கீழே போட்டுவிட்டுக்
கத்தத் தொடங்குகிறது.