மயக்கம்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று
அம்மா மயங்கி விழுந்தாள்.
என் முதல் சம்பளத்தன்றும்.
நிச்சயதார்த்தத்தில், தாம்பாளம் கைமாறும் நேரத்தில்,
சரியாக அந்த நேரத்தில்,
தொப்.
எல்லோரும் அவள் பக்கம் ஓடுவார்கள்.
சோடா, விசிறி, எதிர்வீட்டு குஜராத்திப் பெண்மணி
நறுக்கிக் கொண்டுவந்த வெங்காயம்.
நான் ஸ்வீட் டப்பாவோடு நின்றுகொண்டிருப்பேன்,
மூடியைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

பெயர் உலகம்மாள்.
முலுண்ட் செக்நாக்காவில், ஒன்றரை அறை வீட்டில்
வேறு உலகம் இருக்கவில்லை.
அப்பா நைட் ஷிப்ட்டைக் கேட்டு வாங்கினார்.
அது ஏனென்று புரிய எனக்கு இருபது வருஷம்.

ரத்தம் பார்த்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள்.
ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரிடம்
அவள் மறுபடி போனதில்லை.

சந்தோஷத்தை மறைக்கப் பழகினேன்,
லோக்கலில் தாலிச்சங்கிலியை முந்தானைக்குள் மறைப்பதுபோல.
புரமோஷனை மூன்று மாதம் சொல்லவில்லை.
வயிற்றில் பிள்ளை தங்கியதை ஐந்து மாதம்.
தெரிந்ததும் கேட்டாள்,
“அப்ப நான் உனக்கு யாரு?”
பிறகு வழக்கம்போல.

காட்கோபரில், மொபைல் கடைக்கு மேலே,
செவ்வாய்க்கிழமைகளில் எனக்கென்று ஒரு நாற்காலி.
கர்ணிக் மேடத்துக்குத் தமிழ் தெரியாது.
அம்மாவைப் பற்றி இந்தியில் சொன்னால்
பொய் சொல்வதுபோல இருந்தது.
தமிழில் நினைத்தால் பாவம்போல.
இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் அழுதுவிட்டு
எண்ணூறு ரூபாய் ஜிபே செய்தேன்.

தென்காசியிலிருந்து மாமா கூப்பிட்டார்.
“பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு.”
ஆமாம் மாமா.
கல்லாவதற்கு எனக்கு நாற்பத்தொரு வருஷம் ஆயிற்று.
இன்னும் முழுசாக ஆகவில்லை,
மழைக்காலத்தில் ஈரம் ஊறுகிறது.

அவரே வாய்தவறி வேறொன்றும் சொன்னார்.
டீச்சர் ட்ரெயினிங்குக்கு அவளுக்கு சீட் கிடைத்ததாம்.
பஸ் ஏறவேண்டிய காலையில் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி.
பெட்டியைப் பிரித்து, பாவாடை தாவணியெல்லாம்
திரும்பக் கொடியில் போட்ட பிறகு
எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டாராம்.

அன்றிரவு அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்காக அழுதேன்.
காலையில் அம்மாவின் போன் வந்தது.
எடுக்கவில்லை.

போன ஜூலையில் தன்வி ஓடிவந்தாள்,
மல்லகம்பத்தில் ஜில்லா அணியில் பெயர் வந்திருக்கிறதென்று,
காலெல்லாம் விளக்கெண்ணெய்,
செருப்பைக்கூடக் கழற்றாமல்.
என் வாய் தானாகத் திறந்தது.
“இருடி, அம்மாவுக்குத் தலை சுத்துது.”

சுத்தவில்லை.
அவள் முகம் எப்படிப் போயிற்று என்று பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த முகம்.
ஸ்வீட் டப்பாவோடு நிற்கிற முகம்.

ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்,
“இல்லை, அது பொய். எனக்கு ஒண்ணுமில்லை.
முதல்லேருந்து சொல்லு.”
விழுந்துவிடுவேனோ என்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு சொன்னாள்,
பாதிக் குரலில்.

அம்மாவிடம் மாதம் ஒருமுறை பேசுகிறேன்.
மாத்திரை, கரண்ட் பில், பைப்பில் தண்ணீர் வரும் நேரம்.
நல்ல செய்தி எதையும் அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை.

ஞாயிறு காலை, தாதர் மைதானம்.
கம்பத்தின் உச்சியில் தன்வி தலைகீழாக,
ஒற்றைத் தொடையின் பிடியில்,
கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு.
குதித்தாள். மெத்தையில்
தொப்.
நான் பாதி எழுந்துவிட்டேன், நாற்காலி சாய.
ஒருவரும் விழவில்லை.
அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

பையிலிருந்து பேடா டப்பாவை எடுத்தேன்.
மூடி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.