மிஞ்சிய வளையம்

முப்பத்துமூன்று வயது ஸ்டார்லட்.
என்னைவிட இரண்டு வயது மூப்பு.
"ஒரு கரைச்சலும் இல்லை, மிஸ்" என்று
விற்றவன் சொன்னபோது
கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.
தண்ணி கறுப்பாக ஓடியது.
அதைப் பார்த்துக்கொண்டேதான்
காசை எண்ணிக் கொடுத்தேன்.

மலிவு என்று சொன்னவர்கள்
பஞ்சிகாவத்தைக்கு வந்ததில்லை.
கதவுகள் மட்டும் விற்கும் கடை,
கண்ணாடிகள் மட்டும் விற்கும் கடை,
அடுத்ததில், முகம் கழன்ற ஒரு சிவப்புக் காருக்குள்
பூனை குட்டி போட்டிருந்தது.
"ஜப்பான் சாமான், ஒரிஜினல்" என்று
நியாஸ் நானா தூக்கிக் காட்டிய ஒல்டனேட்டரில்
போன மாதம் நான் கழற்றி எறிந்ததன்
அதே கீறல்.
வாங்கவில்லை.
ஆனால் விலை கேட்டேன்.

வெள்ளவத்தையில் கடல் சும்மா கிடப்பதில்லை.
இரவில் ரயில் பாதையைத் தாண்டி வந்து
பின்சக்கரத்து வளைவை நக்குகிறது.
நான் பட்டி பூசுகிறேன்,
அது பட்டியின் ஓரத்தில் தொடங்குகிறது.
கீழ்வீட்டு அலோசியஸ் அன்ரி
பார்க்கிங்கில் கிடந்த ஒயில் கறையைப் பார்த்து
"மார்கழிக்கு முதலே கோலமோ?" என்றா.
அடுத்த நாள் ஒரு பிரிட்ஜ் பெட்டியை விரித்து
கறைமேல் போட்டும் விட்டா.

பகலில் பல் கட்டுகிற லேபில் வேலை.
மயிரளவு உயர்ந்தாலும் திருப்பி வரும்.
அந்த விரல்களால்தான் ஞாயிற்றுக்கிழமை
டர்போவைக் கழற்றிப் பூட்டினேன்,
பொடியன்மார் வீடியோவில் காட்டியபடி.
பூட்டி முடிய, சீமெந்துத் தரையில்
ஒரு சின்னச் செப்பு வளையம்.
விரலுக்குப் பெரிது, வேறெதற்கும் சிறிது.
என்ஜின் ஸ்டார்ட் ஆனது.
அப்படியென்றால் தேவையில்லாதது என்று
பேர்ஸுக்குள் போட்டேன்.

ஒரு வாரம், பின்னால்
நீலப் புகை.
திம்பிரிகஸ்யாயவில் மோட்டர்சைக்கிள்காரன் ஒருவன்
தும்மிக்கொண்டே கெட்ட வார்த்தை சொன்னான்,
மூன்று மொழியிலும்.
பிரசன்ன பாஸ் பொனெற்றைத் திறந்து
மூடிவிட்டார்.
"விப்பம் மிஸ்."
அவர் வீட்டிலும் ஓடாத ஒன்று நிற்கிறது,
தென்னோலைக்குக் கீழே. அவர் விற்கட்டும் முதலில்.

அதனால் இன்று நூறாம் நம்பர் பஸ்.
கொண்டக்டர் உள்ளங்கையை விரித்து
நான் கொடுத்த சில்லறையைக் கிளறினார்.
"இது காசில்ல மிஸ்."
லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
நகைக்கடைக்காரர் பார்ப்பதுபோல.
"டர்போட ஒயில் பைப்புக்குப் போறது.
ரெண்டு போடணும். மேல ஒண்டு, கீழ ஒண்டு.
ஒண்டு தவறினா ஒழுகி, சூட்டுல பட்டுப் புகையும்."

பஸ் பம்பலப்பிட்டியில் பிரேக் அடித்தது.
எல்லோரும் முன்னால் சாய்ந்தோம்.
அவர் மட்டும் எதையும் பிடிக்காமல் நின்றார்.
"பூஸ்ட் எவ்வளவு?"
"புள்ளி எட்டு" என்றேன்,
சம்பளத்தைச் சொல்வதுபோல், மெதுவாக.
பக்கத்தில் இருந்த அக்கா
ஏதோ வருத்தம் என்று நினைத்து
கொஞ்சம் தள்ளி இருந்தா.

"என்ட லான்சர். வித்திட்டன்.
மகள் பொறக்கக்குள்ள."
அதற்குமேல் ஒன்றும் இல்லை.
மிச்சக் காசோடு வளையத்தையும்
என் கையில் வைத்தார்.
டிக்கட் காசை விடவில்லை.

இறங்கி, ரோட்டைக் கடந்து,
எதிர்ப்பக்கத்து பஸ்ஸுக்கு நின்றேன்.
லேபுக்கு அடித்து
பல்வலி என்று சொன்னேன்.