பதினேழாம் தொட்டி

கெலுகோரில் வெயில்
பேருந்து நிறுத்தத்தின் இரும்பைக்கூடத் தொட விடவில்லை.
எனக்கு இங்கே பதினெட்டு டிகிரி.
கம்பளிச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு
கோதுமை இலைக்கு நகப்பூச்சுத் தடவுகிறேன்.

நிறமில்லாத பூச்சு.
சௌரஸ்தா சந்தையில் எட்டுக் குப்பி கேட்டபோது
கடைக்காரப் பெண் என் விரல்களைப் பார்த்தாள்.
வெறும் நகங்கள்.
"வீட்டில் கல்யாணமா?"
"இல்லை, இலைக்கு."
மீதிச் சில்லறையை இரண்டு முறை எண்ணிக் கொடுத்தாள்.

பூச்சு காய்ந்ததும் ஒட்டுநாடாவை அழுத்தி உரித்தால்
இலையின் தோல் அச்சாக வந்துவிடும்.
இலை அங்கேயே நிற்கும்,
தன் ரேகையை ஒருத்தி எடுத்துப்போனது தெரியாமல்.

நுண்நோக்கிக்குக் கீழே வாய்கள்.
மா இலையில் என்றால் இறைந்து கிடக்கும்.
புல்சாதி வரிசை தப்பாது.
வாய்க்கு இரண்டு உதடு,
ஒவ்வோர் உதடும் நடு மெலிந்து முனை பருத்த டம்பெல்.
காற்று உள்ளே வரவேண்டும், நீர் வெளியே போகக்கூடாது;
நடக்காத காரியம்தான்,
பகலெல்லாம் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன.

என் வேலை எண்ணுவது.
மூன்றாம் தொட்டி: சதுர மில்லிமீட்டரில் அறுபத்திரண்டு,
எல்லாம் பொடி வாய்.
எட்டாம் தொட்டி: ஐம்பத்தெட்டு.
பதினேழு: முப்பத்தாறு.
ஆனால் ஒவ்வொன்றும் அப்படி நீளம்,
கொட்டாவியைப் பாதியில் நிறுத்தியதுபோல.

ஒரே பை விதை.
ஒரே மண், ஒரே விளக்கு,
ஒரே குவளையில் நான் ஊற்றிய தண்ணீர்.

"எண்ணிக்கையில் பிசகு. மறுபடி பார், தவமலர்"
என்றார் டாக்டர் ஊய்.
பார்த்தேன். மேற்புறம், அடிப்புறம்,
காம்போரம், நடு, நுனி.
அடிப்புறத்தில் குறைவு, நுனிப்பக்கம் நெருக்கம்.
ஓர் இலைக்கே ஓர் எண் நிற்கவில்லை.
பதினேழோ மறுபடியும் பதினேழாகவே இருந்தது.
அவர் பென்சிலால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.
நீக்கு என்று சொல்லவில்லை,
வைத்துக்கொள் என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, தொழுகை நேரம், ஏர்கோன் நின்றது.
விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.
நான் சோறு தின்றுவிட்டு வருவதற்குள்
அறை முப்பத்தேழு.
செடிகள் எதுவும் சத்தம் போடவில்லை.
கையில் குப்பி இருந்தது;
பயத்தில் மனிதர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்,
நான் பூச்சுத் தடவினேன்.

மூன்றாம் தொட்டியின் அச்சில் எல்லா வாயும் இறுக மூடியிருந்தன.
பதினேழு இன்னும் மூடிக்கொண்டிருந்தது,
பெரிய கதவைத் தனியாக இழுப்பவனைப்போல,
இலைகள் அதற்குள் குழாய்போலச் சுருண்டு.

கதவைத் திறந்துவிட்டேன்.
தீவின் ஈரக்காற்று உள்ளே வந்தது,
கடலும் கருவாடும் மழைக்கு முந்திய மண்ணும்.
இந்தத் தீவில் யாரும் கோதுமை விதைப்பதில்லை.
மாவாகத்தான் எங்களுக்குப் பழக்கம்,
சுங்கை டுவா கடையில் விசிறி அடித்து
மெலிந்து வருகிற ரொட்டிச் சானாயாக.
எந்த நாட்டு வயலில் எத்தனை வாய் திறந்து
இந்த மாவு வந்தது என்று
சாப்பிடும்போது யார் கேட்கிறார்கள்.
அன்றைக்கு நானும் கேட்கவில்லை, இரண்டு தின்றேன்.

அறிக்கையில் சராசரி ஐம்பத்திரண்டு.
நாற்பது தொட்டியிலும் ஐம்பத்திரண்டு உள்ள செடி
ஒன்றுகூட இல்லை.
பதினேழு அடிக்குறிப்பில் இருக்கிறது,
சிறிய எழுத்தில்.
அது பிழைத்துக்கொண்டது. கதிர் சிறிது, பால் பிடித்துவிட்டது.

கடைசிக் குப்பியில் ஒரு சொட்டு மீதி.
சுண்டுவிரல் நுனியில் தடவி, காயவைத்து,
உரித்து, கண்ணாடித் தட்டில் ஒட்டிப் பார்த்தேன்.
மேட்டுவரிகளின் முதுகில்
வரிசையாய் வியர்வைத் துளைகள்.
ஒன்று அகலம், அடுத்தது ஊசிமுனை,
நடுவே காரணமில்லாத ஓர் இடைவெளி.

ஏட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
ஏர்கோன் மறுபடி உறுமத் தொடங்கியிருந்தது.
கம்பளிச் சட்டையைத் தேடினேன்.